பழைய உழவியந்திரத்துக்குப் புதிய பம்பு

கலஹாவிலே ஒரு பட்டறையில், பழைய பேர்கூசன் டி.ஈ. 20 உழவியந்திரம் ஒன்று வயிறு திறந்து நிற்கக் கண்டேன். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் செய்யப்பெற்ற இனத்தது அது. அதன் ஹைட்ரோலிக் பம்பை மாற்றுதற்கே உரியவர் கொணர்ந்திருந்தார். (அப்பெயர் நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது, உள்ளே ஓடுவதோ எண்ணெய்!)

அப்பம்பு கிளச்சுக்குப் பின்னுள்ள தண்டினாற் சுழல்வது. கிளச்சை மிதித்தால் வண்டியோடு பம்பும் நிற்கும். உயர்ந்துவந்த கலப்பை பாதியிலே தங்கிவிடும். வரம்புக்கு வரம்பு திரும்பவேண்டிய மலைநாட்டுச் சிறுவயல்களில் இது பெருந்தொல்லை. ஆதலின் எஞ்சினாலே நேராகச் சுழலும் பற்சக்கரப் பம்பொன்றை முன்புறத்திற் பூட்ட முனைந்தனர்.

ஆயினும் இதில் ஓர் இழப்புண்டு. கடுநிலத்திற் கலப்பை இறுகும்போது, அதனை வண்டியோடு பிணைக்கும் மேற்றண்டு ஒரு சுருள்வில்லை அழுத்தும். அவ்வழுத்தம் பழைய பம்பின் எண்ணெய் புகும் வாயிலுள்ள வால்வை அசைத்துக் கலப்பையைச் சற்றே உயர்த்தும். பேர்கூசனின் நுண்மதி அங்கேதான் இருந்தது. புதிய பம்பின் எண்ணெயை நேரே தூக்கும் உருளைக்குட் செலுத்தினால் அவ்வுணர்வு அற்றுப்போம்.

அமெரிக்காவில் இத்தகைய மாற்றத்தை ஒரு வழக்கே செய்வித்தது. 1947இல் போர்ட் கம்பனி தம்மை நீக்கித் தனியே உழவியந்திரம் விற்கத் தொடங்கவே, பேர்கூசன் வழக்குத் தொடுத்தார். 1952இல் 92½ இலட்சம் டொலருக்கு அது இணக்கமாயிற்று. பழைய பம்பமைப்பையும் போர்ட் கைவிட நேர்ந்தது. 1953இல் வந்த போர்ட் வண்டியிற் பம்பு எஞ்சினோடு பொருந்தியிருந்தது.

இழப்பைக் கேட்டறிந்த உரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “புதியதைப் பூட்டுங்கள், பழையதைக் கழற்றாமல் உள்ளேயே விடுங்கள்” என்றார்.