வில்லங்கச் சான்றில் வராத ஓதம்

வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியைக்கூடச் சுவருக்குக் கொடுப்பதில்லை. 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், மூலப்பத்திரம் கேட்கிறார்கள், பட்டாவில் பெயர் மாறிவிட்டதா என்று வக்கீலை விரட்டுகிறார்கள். வீட்டைப் பார்ப்பதற்கோ ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம்தான். அதிலும் பாதி, சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்பதிலேயே போய்விடும். ஓதத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் “எங்கேயாவது கறை தெரியுதா?” என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வி போதாது. சுவரில் கறை தெரியும் இடம் ஒன்று, தண்ணீர் கிளம்பும் இடம் இன்னொன்று. எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டை வாங்கலாமா, விலையைக் குறைத்து வாங்கலாமா, விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க முடியும். கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது, எந்த மாதத்தில் பெரிதாகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் வந்த வழியைச் சொல்லிவிடலாம். இதற்கு என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

தரைத்தளத்திலிருந்து தொடங்குவோம். சுட்ட செங்கல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம்வரை நீரை இழுக்கலாம் என்று இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. மண்ணில் உள்ள ஈரம் செங்கலிலும் கலவையிலும் இருக்கும் நுண்துளைகள் வழியாகத் தானாகவே மேலே ஏறும். இதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்துக்கு மேல், சுவர் தொடங்கும் மட்டத்தில், நீர் புகாத ஓர் அடுக்கைப் போடுகிறார்கள். கட்டட வேலைக்காரர்கள் டிபிசி என்பது இதைத்தான். அது போடப்படாத அல்லது விரிசல் விட்ட பழைய வீடுகளில் ஈரம் பொதுவாக மூன்றடி உயரம்வரை ஏறி நிற்கும். ஏறிய தண்ணீர் அந்த மட்டத்தில் ஆவியாகிவிடும், அதோடு வந்த உப்பு அங்கேயே தங்கிவிடும். அந்த உப்பு படிகமாகும்போது பூச்சைத் தள்ளுவதால்தான் பெயிண்ட் பொரிகிறது, வெள்ளைப் பொடி பூக்கிறது, காரை விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. கறை தரையிலிருந்து தொடங்கி, ஏறக்குறைய ஒரே உயரத்தில் பல அறைகளுக்கும் ஓடினால் அது கீழிருந்து ஏறும் ஓதம். ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் அங்கே குழாயையோ சம்ப்பையோ செப்டிக் டேங்க்கையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த மூன்றடிக் கணக்கு வீடு விற்பவருக்கும் தெரியும். கூடத்திலும் படுக்கையறையிலும் சுவரின் அடிப்பாகத்தில் மூன்று நான்கு அடிக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால், குளியலறைக்குப் போட வேண்டியதை இங்கே ஏன் போட்டார்கள் என்று யோசிக்க வேண்டும். அழகுக்காகவும் இருக்கலாம், குழந்தைகள் கிறுக்காமல் இருக்கவும் இருக்கலாம். ஆனால் ஓதம் டைல்ஸால் நிற்பதில்லை. ஆவியாக வழி கிடைக்காததால் அது இன்னும் மேலே போகும். டைல்ஸ் முடிகிற கோட்டுக்கு மேல் ஓரடியை மட்டும் உற்றுப் பாருங்கள். அங்கே பெயிண்ட் கொப்புளித்திருந்தால் கீழே ஒட்டியது அழகுக்கல்ல. சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகளுக்கும் வால்பேப்பருக்கும் இதே விசாரணைதான்.

சென்னையில் இதற்குத் தெருவும் ஒரு காரணம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளுக்குள் இன்று படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவிட்டது. அதற்குமுன் புதைந்தவை புதைந்தவைதான். டிபிசி எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் தெரு மட்டம் அதைத் தாண்டிவிட்டால் பயனில்லை. ஈரமண் அதற்கு மேலே உள்ள சுவரை நேராகவே தொடுகிறது. காம்பவுண்டுக்குள் மண் கொட்டித் தரையை உயர்த்திய வீடுகளுக்கும் இதே கதி. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் தொழில் இந்த ஊரில் நடப்பது சும்மா இல்லை. வெளிவாசலிலிருந்து உள்ளே போகும்போது கால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் இந்தக் குறையைத் திருத்துவது போல் செலவு வைப்பது வேறில்லை.

மேல்மாடியில் விஷயம் வேறு. நம் ஊர் மொட்டை மாடிகளில் காங்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். வெயிலைத் தடுப்பதோடு தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் தருவதும் அந்த அடுக்கின் வேலை. வாட்டம் சரியாக இருந்தால் சுமாரான மாடிகூட மழையைத் தாங்கிவிடும். தண்ணீர் தேங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சும் சில வருடங்களில் தோற்றுப்போகும். எனவே வீட்டுக்குள் கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் மாடிக்கு ஏறுங்கள். கோடையில்கூடக் காய்ந்த கரும்பாசி வட்டமாகத் தெரியும், அங்கேதான் தண்ணீர் நிற்கிறது. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது தூம்பை நோக்கி ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, தொட்டியின் அடி, தளத்தைத் துளைத்துப் போகும் குழாய்களைச் சுற்றிய இடம், டிஷ் ஆன்டெனாவுக்காகப் போட்ட ஆணிகள் ஆகிய இடங்களில்தான் முதலில் ஒழுகும். பிறகு கீழே வந்து, அதே இடங்களுக்கு நேர்கீழே கூரையைப் பாருங்கள்.

கூரையில் பழுப்பு நிற விளிம்போடு வட்டங்கள் இருந்தால், நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருக்கிறது என்று பொருள். அதற்கே பயந்து ஓட வேண்டியதில்லை. தளத்தைச் சரிசெய்தால் நின்றுவிடும். ஆனால் கூரையில் நேர்கோட்டில் துருக்கறை தெரிந்தாலோ, காங்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தாலோ நிலைமை வேறு. துருப்பிடிக்கும் இரும்பு தன் பழைய பருமனைப் போல் சில மடங்கு வீங்கி, மூடியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்று இதை வேகப்படுத்துகிறது. பெயர்ந்த இடத்தில் புதிதாகக் கலவை அப்பியிருப்பார்கள். சுற்றுப்புறத்தோடு ஒட்டாத வழவழப்பான திட்டு கண்ணில் பட்டால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வீட்டைத் தாங்கும் பாகத்துக்கே வந்துவிட்ட சேதம் இது.

அடுக்குமாடிகளில் அதிகம் தொல்லை கொடுப்பது மழையைவிடக் குளியலறைதான். குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய்களை அதில் கிடத்தி, செங்கல் உடைசலை நிரப்பி, மேலே டைல்ஸ் பதிக்கிறார்கள். டைல்ஸ் இடுக்கிலும், தண்ணீர் வெளியேறும் நாணி டிராப்பைச் சுற்றியும் இறங்கும் தண்ணீர் அந்த நிரப்புக்குள்ளேயே குளம்போல் தங்கி, மெல்ல அடுத்த அறைச் சுவருக்கும் கீழ்வீட்டுக் கூரைக்கும் போகிறது. ஆகவே குளியலறையை ஆராய அதற்கு வெளியே நிற்க வேண்டும். அதன் பின்பக்கச் சுவரில் அலமாரி இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள், பூசண வாடை ஒளியாது. கதவு நிலையின் அடிப்பாகம் ஊறிக் கறுத்திருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா, பக்கத்து ஸ்விட்ச் போர்டின் திருகாணி துருவேறியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் குளியலறைக் கூரையை ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். உங்கள் வீடாகப் போவதன் ஒழுகல் அவர்கள் தலையில்தான் சொட்டும். பல நாள் சண்டையின் வரலாறும் அங்கே கேட்காமலே கிடைக்கும்.

பருவத்தைச் சேர்க்காமல் இவை எதுவும் முழுமையாகாது. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டிவிடும். சித்திரை வெயிலில் பார்த்த வீட்டுக்கு ஐப்பசியில் வேறு முகம் இருக்கும். மழையோடு வந்து மழையோடு போகும் கறைக்கு மாடியும் வெளிச்சுவரும் காரணம். மழை நின்று வாரக்கணக்கான பின்னும் தரையோரம் கறை வளர்ந்தால் அது நிலத்தடி நீர் ஏறுவதால். கோடையிலும் மழையிலும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குழாய். மாடித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் இரவு முழுக்க மூடி, காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். ஏ.சி. அறையின் மறுபக்கச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் எங்கிருந்தும் தண்ணீர் ஒழுகவில்லை, குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் படிகிறது. எளிதில் தீரக்கூடிய ஓதம் இது ஒன்றுதான்.

புது பெயிண்ட் அடித்த வீட்டை நம்பாதே என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கிரையத்தைத் தள்ளிப்போட்டு, தை பிறந்ததும் வாங்க வருகிறவர்கள் இங்கே அதிகம். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு எது? எனவே வீடு முழுக்க ஒரே சீராகப் புது பெயிண்ட் இருந்தால் அதில் குற்றமில்லை. நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும், அல்லது ஒரு சுவரின் அடிப்பாதிக்கு மட்டும் பட்டி பார்த்து அடித்திருந்தால்தான் கேள்வி எழ வேண்டும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளமும் கொப்புளமும் நிழல் விழுந்து தெரியும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால், பூச்சு சுவரை விட்டு விலகிய இடத்தில் சத்தம் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கேட்கும். விற்பவர் சம்மதித்தால், சந்தேகப்பட்ட இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஈரம் காட்டும் மீட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல மின்தடையை வைத்துக் கணக்கிடுபவை. உப்பேறிய சுவரில், காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டும். அந்த எண்ணை மட்டும் வைத்து வீட்டை நிராகரிப்பது நியாயமாகாது.

“எல்லா வீட்டிலும்தான் ஓதம் இருக்கு, நல்ல டேம்ப் புரூஃப் பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்” என்று புரோக்கர் சொல்வார். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாவது பாதி, தண்ணீர் வரும் பக்கத்தில் அடித்தால் மட்டும் உண்மை. மாடியின் மேல் அடிக்கும் பூச்சு மழையைத் தடுக்கும். அறைக்குள் அடிக்கும் பூச்சு, பின்னாலிருந்து தள்ளும் தண்ணீரையும் உப்பையும் எதிர்த்து நிற்க வேண்டும், அதனால் சீக்கிரமே உரியும். பாங்க் என்ஜினீயர் பார்த்துவிட்டாரே என்ற தைரியமும் போதாது. கடன் தொகைக்கு ஈடாகச் சொத்து இருக்கிறதா என்று மதிப்பிடுவதுதான் அவர் வேலை, அலமாரியைத் திறந்து முகர்வது அல்ல. இவ்வளவு ஆராய்ந்தால் விற்பவர் முகம் சுளிப்பார் என்பது நியாயமான தயக்கம்தான். ஆனாலும் பார்க்காமல் விட்டால் சட்டமும் கைகொடுக்காது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவில், தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு அந்தக் கடமை இல்லை. மூன்றடி உயரத்தில் பொரிந்து நின்ற சுவரைக் கவனிக்கவில்லை என்று பிறகு வழக்குப் போட்டால் வாதம் எடுபடுவது கடினம்.

புது அடுக்குமாடியானால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலத்துக்குள் மறுவிற்பனையில் வாங்குகிறவர், வீடு ஒப்படைக்கப்பட்ட தேதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய வீட்டுக்கு அந்த வசதி இல்லாததால் எல்லாம் பேரத்தில்தான் தீர வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு மேஸ்திரியையோ நீர்க்கசிவு வேலை செய்பவரையோ கூட்டிப்போய், செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கினால், “கொஞ்சம் குறைச்சுக்கங்க” என்று கெஞ்சுவதற்குப் பதில் ஒரு தொகையைச் சொல்லிப் பேசலாம். கடைசி மாடி வீடானால் ஒன்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஒழுகுவது உங்கள் கூரையானாலும் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. கீழ்வீட்டுக்காரர்கள் சம்மதிக்காமல் அதில் கைவைக்க முடியாது. கடைசியாக மாடி வேலை எப்போது நடந்தது, அதற்கு யார் யார் பணம் கொடுத்தார்கள், யார் கொடுக்க மறுத்தார்கள் என்பது சங்கத்தின் கணக்கு நோட்டில் இருக்கும். விலை பேசுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.