ஏகாம்ர நிவாஸ் மாணவர்கள்

காஸ்மிக் கதிர் காற்றில் மோதிச் சிதறும்போது ஆற்றல் மிகுந்த ஓர் எலெக்ட்ரான் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓர் அணுக்கருவின் அருகே கடக்கையில் வேகம் இழக்கிறது. இழந்த ஆற்றல் ஃபோட்டானாக வெளியேறுகிறது. அந்த ஃபோட்டான் இன்னோர் அணுக்கருவை நெருங்கியதும் மறைந்து, ஓர் எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் தோன்றுகின்றன. அவை மறுபடியும் ஃபோட்டான்களை உமிழ்கின்றன. ஒன்று நூறாகி, ஆயிரமாகி, ஒரு துகள்மழையே பொழிகிறது.

சராசரியாக எத்தனை துகள்கள் என்று கணக்கிடலாம். ஆனால் ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு மாதிரி. அந்த ஏற்ற இறக்கத்தை எப்படிக் கணிப்பது? துகளின் ஆற்றல் எந்த மதிப்பாகவும் இருக்கலாம் என்பதால் தனித்தனியே எண்ணி மாளாது. மிகச் சிறிய ஆற்றல் இடைவெளி ஒன்றில் ஒரு துகள் இருக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டு இடைவெளிகளில் ஒரே சமயத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டு இதற்கு வழி கண்டவர் அல்லாடி ராமகிருஷ்ணன். 1950இல் இந்த வழியை விளக்கிய கட்டுரை வெளியானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவரை நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது வேறொன்றுக்காக. பிரின்ஸ்டனில் ஓப்பன்ஹைமர் தலைமையில் இயங்கிய உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்துவிட்டு 1958இல் சென்னை திரும்பினார். அங்கே அன்றாடம் காதில் விழுந்த புதுச் செய்திகள், கப்பலில் இதழ்கள் வந்துசேரும்வரை இங்கே எவருக்கும் தெரியாது. மூளைக்குப் பஞ்சமில்லை, பேச ஆளில்லை. அதனால் மைலாப்பூர் லஸ் பகுதியிலிருந்த தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸிலேயே கருத்தரங்கு தொடங்கினார். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அவர் தந்தை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வாழ்ந்த வீடு அது. வெளிநாட்டு அறிஞர் யார் வந்தாலும் அங்கே அழைத்துவந்து மாணவர்கள் முன் பேசவைத்தார்.

1960 ஜனவரியில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தார். பம்பாயில் ஹோமி பாபா எழுப்பியிருந்த பிரம்மாண்ட நிறுவனத்தையும் சென்னையில் ராமகிருஷ்ணனைச் சுற்றியிருந்த சிறு மாணவர் குழுவையும் சேர்த்தே பாராட்டினார். பத்திரிகைகளில் அது வந்தது. அன்றைய சென்னை மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அந்தக் குழுவுக்காக நேருவிடம் பேசினார். 1961 அக்டோபரில் நேரு அந்த மாணவர்களையே நேரில் சந்தித்தார். 1962 ஜனவரி 3ஆம் தேதி, மாநிலக் கல்லூரி அரங்கில், சுப்ரமணியன் சந்திரசேகர் முன்னிலையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. பிறகு அடையாறை அடுத்த தரமணிக்குக் குடிபோன அது இன்றும் அங்கே இயங்குகிறது. அந்த மாணவர்களில் ஏ. பி. பாலச்சந்திரன் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். டி. கே. ராதா 1965இல் பிரின்ஸ்டனுக்கு அழைக்கப்பட்டார். பெண்கள் இயற்பியல் படிப்பதே அரிதாயிருந்த காலம் அது.

நீல்ஸ் போரின் சொல் தானாக விழுந்ததல்ல. விருந்தினருக்குத் தம்மை மட்டும் காட்டிக்கொள்ளாமல் மாணவர்களையும் முன்னால் நிறுத்தியவர் ஒருவர் இருந்தார். அந்தச் சொல்லை நேருவரை கொண்டுபோனவர் இன்னொருவர்.

இன்றைய இளம் ஆய்வாளர்களுக்கும் அப்படிப் பேசுபவர்கள் தேவை. இன்று மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற குரல் நாடெங்கும் திரும்பத் திரும்ப எழுகிறது. வீட்டு வாடகை காத்திருப்பதில்லை. முனைவர் பட்டம் முடித்தவர்கள் நிரந்தர வேலையில்லாமல் ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குத் தாவுகிறார்கள். நிதிக்குழுவிலும் தேர்வுக்குழுவிலும் அமர்ந்திருக்கும் மூத்த பேராசிரியர்களே, அடுத்த கூட்டத்தில் உங்கள் திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களுக்காகப் பேசுங்கள்.