பிளக்கைத் துடைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படிகளை விட்டுவிட்டு, காரிலேயே மலைப்பாதையில் போகிறவரா நீங்கள்? அரக்கோணம் சாலையில் ஒழுங்காக ஓடிய பெட்ரோல் வண்டி, மேடேறும்போது மட்டும் திக்கித் திணறினால் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். (டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படிக்க வேண்டாம், உங்களுக்கு இந்தப் பிளக்கே கிடையாது.)

அதென்ன, மேட்டில் மட்டும்? பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயில் (மின்னழுத்தம் கூட்டும் கம்பிச்சுருள்). அந்த மின்சாரம் பிளக் முனையில் உள்ள சிறு இடைவெளியைப் பொறியாகத் தாண்டி, பெட்ரோலைப் பற்றவைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்; பொறி தாண்டுவது கடினமாகும். தேய்ந்த பிளக் சமதரையில் எப்படியோ சமாளிக்கும், ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும். மெக்கானிக் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பது இதைத்தான்.

துடைத்து மாட்டினால் போதாதா? அழுக்கு என்றால் போதும், தேய்மானம் என்றால் போதாது. கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். கரி படிந்திருந்தாலும் நடுக்கம்பியின் விளிம்பு கூராக இருந்தால், சுத்தம் செய்து இடைவெளியை அளந்து மாட்டி ஓட்டலாம். விளிம்பு மழுங்கியிருந்தாலோ, வெள்ளைப் பீங்கானில் கீறல் விழுந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். முனையில் எண்ணெய் ஊறியிருந்தால் கோளாறு எஞ்சினில் இருக்கிறது. புதுப் பிளக்கும் சீக்கிரமே அப்படித்தான் ஆகும். இரிடியம் பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க விடாதீர்கள், மெல்லிய முனை கெட்டுவிடும்.

சாதாரண நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம் 1 லட்சம் கி.மீ. வரைகூட வரும். எல்லாம் ஒன்றாகவே தேய்வதால் செட்டாக மாற்றுவதே நல்லது.

காயிலை ரிப்பேர் செய்ய முடியுமா? முடியாது. பிசின் ஊற்றி அடைத்த பொருள் அது. ஆனால் புதிதாக வாங்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால், திக்கும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி மாட்ட வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் அந்தக் காயில்தான் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதும். மாறாவிட்டால் காயில் மேல் பழியில்லை. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே நான்கு காயிலுக்கும் பில் போடுபவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பாயிண்டை (பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் முனைகள்) உப்புத்தாளால் தேய்த்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) மூடியில் வெடிப்பு இருந்தால் அந்தச் சமாளிப்பு உதவாது.

மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாமா? இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். தேய்ந்த பிளக்கோடு போராடியே காயில் சூடேறிக் கெடும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பெட்டி) பாழாக்கும். அதன் விலை பிளக் செட்டைப் போலப் பல மடங்கு. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், நகரி, புத்தூர் தாண்டித் திருப்பதி போய்விடலாம் என்று இழுக்காதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று: எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். சூட்டில் திருகி அலுமினிய மரை பிய்ந்தால், செலவு பிளக் விலையோடு நிற்காது.