பத்தி காக்கும் எல்லை

தம் நூலின் அச்சுப்படி நிறைவளிக்காமையால், அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு கனூத் 1978இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கினார். அதில், அடிக்கடி பயன்படும் கட்டளைத் தொடரை ஒரு பெயருக்குள் அடக்குவது மேக்ரோ எனப்படும். மேக்ரோவிற்குரிய உரையை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இடுதல் வேண்டும். மூடும் குறி விடுபட்டால், பின்வரும் உரை முழுவதும் மேக்ரோவுக்குள் சென்றுவிடும் அன்றோ? அதனைத் தடுக்கவே, இயல்பான மேக்ரோவின் உரை பத்தியின் எல்லையைத் தாண்டலாகாது என அவர் விதி வகுத்தார். பத்தி முடிவைக் குறிக்கும் வெற்று வரியைக் கண்டதும் டெக் நின்று, வரி எண்ணுடன் பிழையை அறிவிக்கும். அவ்வெண் சுட்டுவது பிழை நேர்ந்த இடத்தை அன்று. பிழை உணரப்பட்ட இடத்தையே. ஆகவே, அங்கிருந்து பின்னோக்கிச் சென்று, அப்பத்தியில் திறந்த குறிகள் யாவும் மூடப்பட்டுள்ளனவா என ஆராய்தல் வேண்டும்.