சவாரித் திடலும் முட்கோலும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் சிறுவருக்கு மாட்டுவண்டி என்பது பாடநூற் படம் ஒன்றேயாகிவிட்டது. ஆயினும், பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் ஒட்டி வடபுலத்து ஊர்களில் சவாரி நடைபெறுகின்றது எனக் கேட்டவுடன், இங்குள்ள முதியோர் பலருடைய முகம் மலர்வதைக் கண்டிருக்கின்றேன். சவாரி யாழ்ப்பாணத்தாரின் நாடியிலே கலந்த ஒன்று. சிரித்திரன் ஆசிரியர் சிவஞானசுந்தரம் தாம் தீட்டிய கேலிச்சித்திர மாந்தருள் ஒருவருக்குச் 'சவாரித்தம்பர்' என்றே பெயர் சூட்டினார். கொழும்பிலிருந்து வெளிவரும் தினகரனிலே அவர் உலாவிய காலத்தில், அப்பெயருக்கு விளக்கம் வேண்டியவர் எவருமிலர்.

சவாரி என்ற சொல் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. சொல் வந்ததேயன்றிப் பொருள் நமக்குப் புதியதன்று. சகடம், சாகாடு, ஒழுகை, பாண்டில் என வண்டியைக் குறிக்கப் பழந்தமிழர் வழங்கிய சொற்கள் பல. உப்பு வணிகராகிய உமணர் மேடும் பள்ளமும் கடந்து நெடுவழி சென்றவர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழவந்த ஔவையார், புறநானூற்றின் 102 ஆம் பாட்டிலே அவர்களுடைய வண்டியையே உவமையாக எடுத்தார். எருதுகள் இளையன, நுகம் பழகாதன, பாரமோ பெரிது, வழியில் நேர்வது யாதென யாரறிவார் என்று எண்ணி, உமணர் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றையும் கட்டிச் சென்றனராம். மாட்டின் இளமையையும் சுமையின் பெருமையையும் ஒருங்கே எண்ணிய உள்ளம் அது. மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்ற வள்ளுவரும் இவ்வழியையே காட்டினார்.

இன்று உழவும் பாரமும் உழவியந்திரத்தின் பாலாயின. வண்டி செய்யும் தச்சரும், சில்லுக்குப் பட்டம் இடும் கொல்லரும் அருகிவிட்டனர். இந்நிலையில், நல்ல நாம்பன்களைத் தேடி வாங்கி, அவற்றுக்குத் தீனி தேடி, அச்சும் நுகமும் பழுது பார்த்து வருவோர் சவாரிக்காரரே. 2009 இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திடல்கள் மீண்டும் களைகட்டின. சவாரிச் சங்கங்கள் நாள் குறிக்கின்றன, திடலைச் செப்பனிடுகின்றன, மாடுகளைப் பிரிவு பிரிவாக வகுக்கின்றன, நடுவரை நிறுத்துகின்றன. அவை இல்லையேல் வண்டி நூதனசாலைக்கே போயிருக்கும் என்பது மிகையன்று.

இவ்வளவும் சொல்லியபின் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. சிறுவனாயிருந்த காலத்தில், வென்று நின்ற சோடி ஒன்றை ஆர்வத்தோடு தடவிக்கொடுத்தேன். கையை எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. கோலின் நுனியில் ஆணி இருந்ததைப் பின்னரே கண்டேன். அன்று வெற்றி பெற்றவர் நல்லவர். தம் மாட்டுக்குப் பெயரிட்டு அழைத்தவர். "குத்தாமல் மாடு ஓடுமோ தம்பி?" என்று சிரித்தார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை.

பின்னர் அகநானூறு கற்றபோது விடை கிடைத்தது. அதன் 4 ஆம் பாட்டிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், காதலியைக் காண விரைந்து வருகின்றான். ஆயினும் துணையோடு கூடிய வண்டுகள் வெருளுமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகின்றான். விரைவு வேறு, கொடுமை வேறு என்பதை இதனினும் இனிதாக யார் உணர்த்துவர்?

விலங்கு வதையைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1907 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் தொலைவில் நிற்பது. சங்கம் திடலிலேயே நிற்பது. தமிழகத்தின் ஏறுதழுவலையும் மராட்டியத்தின் வண்டிப் பந்தயத்தையும் இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் தடைசெய்தது. 2017 இல் சட்டங்கள் திருத்தப்பட்டன. அவை செல்லும் என 2023 மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. இதனால் நாம் அறியத்தக்கது யாது? ஒரு விளையாட்டை நேசிப்போர் தாமே அதற்கு எல்லை வகுக்காவிடின், பிறர் வந்து வகுப்பர் என்பதே.

ஆதலின் சவாரிச் சங்கத்தாரை வேண்டுவது இது: ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மாட்டின் உடலை நடுவர் பார்க்கட்டும். ஆணிக்கோல் கொண்ட வண்டி எத்துணை முந்தினும் தோற்றதாகட்டும். குத்தாமல் ஓடிய மாட்டுக்குத் தனிப்பரிசு ஒன்று வைக்கட்டும். கூடி நிற்கும் நாமும், காயத்தோடு வரும் வெற்றிக்குக் கை தட்டாதிருப்போமாக.

இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும் கொழும்புப் பெற்றோர், பிள்ளைகளைச் சவாரி காண அழைத்துச் செல்க. ஓடி ஓய்ந்த மாட்டை அவர்கள் தடவிக்கொடுக்கட்டும். எடுத்த கையில் புழுதியன்றி வேறொன்றும் ஒட்டாதிருத்தல் வேண்டும்.