மூச்சை அடக்காதீர்கள்! கடலுக்கடியில் பாயில் விதி

பள்ளி விடுமுறைக்குத் தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகளுக்குச் செல்லும் மாணவர்களில் சிலர் ஸ்கூபா முக்குளிப்பையும் ஒரு கை பார்த்துவிட்டு வருகிறார்கள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கென்றே அறிமுக முக்குளிப்பு இருக்கிறது. பொதுவாக 10 வயது நிரம்பியிருந்தால் போதும். பயிற்றுநர் ஒருவர் கூடவே வருவார். 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்லமாட்டார்.

இறங்குவதற்கு முன் அவர் சொல்லும் முதல் விதி பலருக்கும் விசித்திரமாகப் படும். தண்ணீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது என்பார். நாம் நீச்சல் குளத்தில் பழகியது இதற்கு நேர்மாறானது அல்லவா? மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள்கூட மூச்சை அடக்கித்தானே இறங்கினார்கள்? அவர்களுக்குச் சரியாக இருந்தது நமக்கு மட்டும் ஏன் ஆபத்தாகிறது?

கேமரன் மலைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? அடிவாரத்தில் வாங்கிய கெரோப்போக் பாக்கெட், தானா ராத்தாவை அடையும்போது வெடித்துவிடுவதுபோல் உப்பியிருக்கும். அங்கே உயரம் சுமார் 1,400 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. வெளியே அழுத்தம் குறைந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரியும். வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் பாதியானால் கனஅளவு இரு மடங்காகும் என்ற இந்தத் தொடர்பை ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டார். படிவம் நான்கு இயற்பியலில் இதைப் படிப்பீர்கள்.

காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் மிகவும் கனமானது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு. கேமரன் மலைக்கு ஏறும்போது பாக்கெட் எந்த அளவுக்கு உப்புகிறதோ, அதே அளவு விரிவு கடலில் 2 மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து மேலே வந்தாலே நிகழ்ந்துவிடும்!

இப்போது முத்துக்குளிப்பவரைப் பாருங்கள். அவர் கரைக்காற்றை, 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம், நிரப்பிக்கொண்டு இறங்குகிறார். 10 மீட்டரில் அது 2.5 லிட்டராகச் சுருங்குகிறது. மேலே வந்ததும் மீண்டும் 5 லிட்டர். எடுத்துச் சென்றதைவிட அதிகமாக விரிய வழியே இல்லை.

ஸ்கூபாவில் கதை வேறு. வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. அப்படித் தராவிட்டால் நீரின் அழுத்தத்தை எதிர்த்து நம் மார்பால் விரியவே முடியாது. மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றுத் தரும் இத்தகைய கருவியை 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கினார்கள். ஆக, 10 மீட்டர் ஆழத்திலும் உங்கள் நுரையீரல் முழுமையாக, 5 லிட்டர் அளவுக்கு நிரம்புகிறது. அந்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் ஏது? மெல்லிய காற்று நுண்ணறைகள் கிழியும். அந்தக் காற்று இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆழம் குறைவுதானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாக விரிகிறது. கடைசி 10 மீட்டரிலோ அது இரு மடங்காகிறது. புதியவர்கள் முக்குளிப்பது அந்தப் பகுதியில்தான். முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்ததும் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான் மிகவும் ஆபத்தான செயல். அந்த நேரத்தில் அசையாமல் நின்று, மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டே பயிற்றுநருக்குச் சைகை காட்டுங்கள். ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிட்டால்கூட, சிறு குமிழிகளாகக் காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சைகையிலும் கவனம் தேவை. கட்டைவிரலை உயர்த்தினால் கடலுக்கடியில் "நன்று" என்று பொருளல்ல, "மேலே போவோம்" என்று பொருள்!

இறங்கும்போது இதே விதி காதில் வேலை செய்யும். ஓரிரு மீட்டரிலேயே செவிப்பறை உள்நோக்கி அழுந்தும். வலி வரும்வரை காத்திருக்காமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதினால் தொண்டையிலிருந்து நடுச்செவிக்குக் காற்றுச் சென்று அழுத்தம் சமமாகும். சளி பிடித்திருந்தால் அந்தப் பாதை அடைத்திருக்கும். அன்று இறங்காமல் இருப்பதே நல்லது.

முதுகில் சுமப்பதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலர் சொல்வது தவறு. அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைக்கப்பட்டது. தூய ஆக்சிஜனை 10 மீட்டர் ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரக்கூடும்.

படகில் ஏறுமுன் உடல்நலப் படிவம் ஒன்றைத் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சுருங்கிய மூச்சுக்குழல்களுக்குப் பின்னால் காற்று அடைபட்டால், நீங்கள் மூச்சை அடக்காவிட்டாலும் அது அடக்கியதற்குச் சமம். நண்பர்கள் முன் கூச்சமாக இருந்தால் பயிற்றுநரிடம் தனியாகச் சொல்லலாம். மருத்துவர் அனுமதித்த பிறகு அடுத்த விடுமுறையில் வந்தாலும் கடல் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று. அழுத்தம் கூடும்போது இரத்தத்தில் கூடுதலாக நைட்ரஜன் கரைகிறது. அது மெதுவாகத்தான் வெளியேறும். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கேமரன் மலையில் உள்ளதைவிடவும் குறைவாக இருக்கலாம். பெர்ஹெந்தியானிலிருந்து திரும்பி, கோத்தா பாருவில் விமானம் ஏறுகிறவர்கள் முக்குளித்த பின் குறைந்தது 18 மணி நேரம் காத்திருப்பது பாதுகாப்பானது. அதனால் பயணத் திட்டம் போடும்போதே, கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் நாளிலேயே முக்குளித்துவிடுங்கள்.