பத்து மாவட்டங்களுக்கு எத்தனை வரிசை?

ஜொகூரில் பத்து மாவட்டங்கள். ஜொகூர் பாரு, கூலாய், பொந்தியான், குளுவாங், பத்து பகாட், மூவார், தங்காக், சிகாமட், மெர்சிங், கோத்தா திங்கி. பத்தையும் ஒரு தடவை சுற்றிவர எத்தனை வரிசைகள் உண்டு? வினாடிக்கு ஒரு வரிசை என்று தூங்காமல் எழுதினாலும் முடிக்கச் சரியாக 42 நாள் ஆகும். மொத்தம் 3,628,800 வரிசைகள்!

12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் லீலாவதி நூலில் இதே எண்ணுக்கு வந்து சேர்ந்தார். சிவனின் பத்துக் கைகளில் உள்ள பத்துப் பொருள்களை இடம் மாற்றினால் எத்தனை வடிவங்கள் என்பது அவர் கேள்வி. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, தாமரைக்கும் கேட்டார். அந்தச் சின்னக் கணக்கில்தான் சூட்சுமம் தெளிவாகத் தெரிகிறது. முதல் கைக்கு நான்கில் எதையும் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் அடுத்த கைக்கு மூன்று மிஞ்சும்; ஆக, இரண்டு கைகளுக்கு 4 × 3 = 12 வழிகள். அந்தப் பன்னிரண்டும் மூன்றாம் கையில் இவ்விரண்டாகக் கிளைக்கும். நான்காம் கைக்கு மிஞ்சியதுதான். விடை 24. ஒவ்வொரு வழியும் கிளைப்பதால்தான் கூட்டாமல் பெருக்குகிறோம்.

இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்து 1 வரை பெருக்குவதே ஃபாக்டோரியல். 4! என்று ஆச்சரியக்குறியிட்டு எழுதும் வழக்கத்தை 1808இல் கிறிஸ்டியன் கிராம்ப் கொண்டுவந்தார்.

0! ஏன் 1? 4! = 24. அதை 4ஆல் வகுத்தால் 3! = 6. 3ஆல் வகுத்தால் 2! = 2. 2ஆல் வகுத்தால் 1! = 1. அதையும் 1ஆல் வகுத்தால் 0! = 1.

மாணவர்கள் அதிகம் சிரமப்படுவது வகுத்தலில். 8!-ஐ 6!-ஆல் வகுக்க 40,320, 720 என்ற எண்களே வேண்டாம். 8! என்பது 8 × 7 × 6!. இரு பக்கமும் 6!-ஐ அடித்துவிட்டால் 56. பெரும்பாலான அறிவியல் கால்குலேட்டர்கள் 69! வரைதான் தாங்கும், 70! நூறு இலக்கங்களைத் தாண்டிவிடும். ஆனால் 100!-ஐ 98!-ஆல் வகுப்பது கையால் ஒரே வரி: 100 × 99 = 9,900. பெருக்கும் முன் அடிக்கப் பழகுங்கள்.

படிவம் 5 கூடுதல் கணிதத்தில் இதற்கு நிறைய வேலை இருக்கிறது. ரூமியில் ‘கூலாய்’ ஐந்து வெவ்வேறு எழுத்துகள், 5! = 120 வரிசைகள். ‘ஜொகூர்’ என்பதற்கும் ஐந்துதான், ஆனால் ‘ஓ’ இரண்டு முறை வருகிறது. அவ்விரண்டையும் இடம் மாற்றினாலும் சொல் மாறாது, எனவே 2!-ஆல் வகுத்து 60. ‘தங்காக்’ சொல்லின் ஏழு எழுத்துகளில் ‘ஏ’ இரண்டு, ‘கே’ இரண்டு. 7! = 5,040; அதை 2!-ஆல் இருமுறை வகுத்தால் 1,260.